தொண்ணூற்றைந்து

திங்கட்கிழமை மழைமானி.
நாகலூர்ப் பிள்ளைகள் ஸ்வெட்டர் நனைய வந்து
அரை மில்லிமீட்டருக்கு மல்லுக்கட்டுவார்கள்.
செவ்வாய், அட்டை எண்ணுவது.
ஒரே காலில் ஒட்டியதை இரண்டு பேர்
கணக்கில் சேர்க்கக் கூடாது
என்பது அவர்களே போட்ட சட்டம்.
புதன்கிழமைதான் அடுப்பு.

அந்தப் புதன்
அலுமினியக் குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க
தெர்மாமீட்டரின் சிவப்புக் கோடு
தொண்ணூற்றைந்தில் உட்கார்ந்துகொண்டது.
'வெறகு பத்தலக்கா' என்றான் மோகித்.
சில்வர் ஓக் சுள்ளி திணித்தோம்.
கண் எரிந்தது. தொண்ணூற்றைந்து.
இன்னொரு தெர்மாமீட்டர். தொண்ணூற்றைந்து.
ரெண்டுமே பழுது என்றேன் நான்,
பி.எஸ்சி. இயற்பியல், பதினோரு வருட சர்வீஸ்.
கரும்பலகையில் என் கையெழுத்தில் இருந்த நூறு
முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றது.

சமையல்கட்டு ரஞ்சிதம் எட்டிப் பார்த்து
'இங்க எந்நாளும் அப்படித்தான், குக்கர் இல்லாட்டிப்
பருப்பு சாயங்காலம்தான் வேகும்' என்று சொல்லிவிட்டு
வெங்காயத்துக்குத் திரும்பிப் போனாள்.
யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.
நானும்தான்.

வெள்ளிக்கிழமை 'தெரியாதது' நோட்டை வாசிப்போம்.
விடை கிடைத்த கேள்வியைப் பச்சை மையால் அடிக்கலாம்.
மூன்று வருடத்தில் அடித்தது ஒன்பது.
காட்டெருமைக்கு ஏன் வெள்ளை சாக்ஸ்?
ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தீ ஏன் பொரிகிறது?
தண்ணிக்கு ஏன் இங்கே நூறு வரவில்லை?
அப்பா குடிச்சா மட்டும் ஏன் அழுவுது?
கடைசி வரி யாருடையது என்று கேட்பதில்லை.
அதையும் மற்றவை மாதிரியே, அதே குரலில்
வாசிக்கப் பழகிக்கொண்டோம்.

சனிக்கிழமை செவ்வாய்ப்பேட்டைக்கு அரிசி வாங்க
ஜீப் இறங்கும். இந்த முறை பம்ப் ஸ்டவ்வும் ஏறியது,
ஐந்து பிள்ளைகளும்.
வளைவுகளின் எண் கீழிருந்து தொடங்குகிறது,
நாங்கள் மேலிருந்து.
இருபதாவது வளைவில் தொண்ணூற்றைந்தரை.
பன்னிரண்டில் தொண்ணூற்றேழு
(அங்கே மூடியைக் குரங்கு கொண்டுபோனது,
தர்ஷிகா வாந்தி எடுத்தாள், எடுத்தபடியே
நேரத்தையும் குறித்தாள்).
அரிசி மண்டிக்குப் பின்னால்
லாரிகளுக்கும் சாக்குத் தூசிக்கும் நடுவே
தொண்ணூற்றொன்பது.
மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று
டீ எப்போது வரும் என்று கேட்டார்கள்.

'அப்ப நூறு எங்கதான்க்கா இருக்கு?'
ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அருளானந்தம் சொன்னார்:
'கடலூருக்குத்தான் போகணும்.'
ஐந்து பேரில் ஒருவரும் கடல் பார்த்ததில்லை.
வாஹிதா மட்டும் அறிவியல் புத்தகத்தைப் புரட்டி
எந்த ஊரில் அச்சடித்தது என்று தேடினாள்.
சென்னை என்று போட்டிருந்தது.
'அதான்' என்றாள்.
மலை ஏறும்வரை ஜீப்பில் அந்த ஒரு சொல்தான்.

அடுத்த வெள்ளி, பச்சைப் பேனா யாருக்கு என்று வழக்கு.
முதலில் சொன்னவங்க அடிக்கணும் என்றான் மோகித்.
ரஞ்சிதம் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள்.
'இதுக்குப் போயா அடுப்பத் தூக்கிட்டு
அம்புட்டுத் தூரம் போனீங்க?'
என்று இழுத்த கோடு
எழுத்துக் கூட்டிப் படிக்கிற கையின் கோடு,
சாய்ந்து இறங்கி
அடுத்த வரியையும் சேர்த்து அடித்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மை காயும்வரை நோட்டு திறந்தே கிடந்தது.

திங்கட்கிழமை மழைமானியில் பதினாலு மில்லிமீட்டர்.
பதிவதற்கு நோட்டை எடுத்தேன்.
புதுப் பக்கத்தில், பென்சிலை அழுத்தி,
அதே கேள்வி.